ஆரம்பகால விமானந்தாங்கிக் கப்பல்கள்: வேகம், பீரங்கி, களப்பணி – எது எதைத் தீர்மானித்தது?

அலைவாய்:

விமானந்தாங்கிக் கப்பல்களின் முதல் தலைமுறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எது முதலில் வந்தது என்ற கேள்வியிலேயே உரையாடல் நின்றுவிடுகிறது. பிரிட்டனின் ஆர்கஸ் 1918 செப்டம்பரிலும், அமெரிக்காவின் லேங்லி 1922 மார்ச்சிலும், ஜப்பானின் ஹோஷோ அதே ஆண்டு டிசம்பரிலும், பிரிட்டனின் ஹெர்மிஸ் 1924-இலும் பணிக்கு வந்தன. இந்த வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தக் கப்பல்களின் வேகத்தையும் ஆயுதங்களையும், அவை எங்கே எதற்காக அனுப்பப்பட்டன என்பதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஆர்கஸ், இத்தாலிய நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டத் தொடங்கிய கோன்டே ரோஸோ என்ற பயணிகள் கப்பலின் உடலில் உருவானது; அதன் வேகம் 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்). லேங்லி, ஜூபிடர் என்ற நிலக்கரிக் கப்பலாக இருந்தது. 15 நாட்டைத் தாண்டி ஓடுவதே அதற்குக் கடினம். ஹோஷோவும் ஹெர்மிஸும் 25 நாட் ஓடின. ஹோஷோவில் நான்கு 14 செ.மீ. பீரங்கிகளும், ஹெர்மிஸில் ஆறு 5.5 அங்குலப் பீரங்கிகளும், லேங்லியில் நான்கு 5 அங்குலப் பீரங்கிகளும் இருந்தன. 1927-இல் வந்த லெக்ஸிங்டனும் சரடோகாவும் 33 நாட் வேகத்துடனும், கனரகக் குரூசர்களுக்கு (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்களுக்கு) உரிய எட்டு 8 அங்குலப் பீரங்கிகளுடனும் கடலில் இறங்கின.

வெறும் எண்களை வைத்துப் பார்த்தால் லேங்லி எல்லாவற்றிலும் கடைசி. ஆயினும் பின்னாளைய விமானந்தாங்கிப் போர்முறையின் அடிப்படைகளில் பெரும்பகுதி அந்த மெதுவான கப்பலின் தளத்திலேயே கற்றுக்கொள்ளப்பட்டது. அப்படியானால் வேகம் எதற்குத் தேவைப்பட்டது? விமானம் ஏற்றிச் செல்லும் கப்பலில் குரூசருக்குரிய பீரங்கிகளை ஏன் ஏற்றினார்கள்? நண்பர்கள் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

நங்கூரம்:

நண்பர் அலைவாய் கேட்ட முதல் கேள்விக்கு என்னாலான விடையைத் தருகிறேன். போர்க்கப்பலுக்கு வேகம் என்றால் எதிரியைத் துரத்தவோ எதிரியிடமிருந்து விலகவோ உதவும் வலிமை. விமானந்தாங்கிக்கு அந்த இரண்டுக்கும் முன்பாக வேறொரு தேவை இருக்கிறது: தளத்தின் மேல் காற்றை உண்டாக்குவது. காற்று வரும் திசையை நோக்கிக் கப்பலைத் திருப்பி முழு வேகத்தில் செலுத்தும்போது, இயற்கையாக வீசும் காற்றும் கப்பலின் வேகமும் கூடி, தளத்தில் நிற்கும் விமானத்தின் இறக்கைகளுக்கு அந்த அளவு காற்றோட்டம் ஓடாமலேயே கிடைத்துவிடுகிறது.

1917 ஆகஸ்ட் 2 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷ் விமானி எட்வின் டன்னிங் தமது ஸாப்வித் பப் விமானத்தை, ஓடிக்கொண்டிருந்த ஃப்யூரியஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலின் முன்தளத்தில் இறக்க முடிந்ததற்குக் காரணம் இதுவே. கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்து அந்த இலேசான விமானத்தின் இறங்கு வேகத்துக்கு ஏறத்தாழ ஈடாகிவிட்டதால், தளத்தில் நின்றவர்கள் விமானத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்கள். ஐந்து நாட்கள் கழித்து மீண்டும் முயன்றபோது விமானம் பக்கவாட்டில் கவிழ்ந்து கடலில் விழ, டன்னிங் உயிரிழந்தார். அந்த மரணமே, கப்பலின் நடுவில் நின்ற மேற்கட்டுமானத்தைச் சுற்றி வந்து முன்தளத்தில் இறங்கும் ஏற்பாடு நீடிக்காது என்பதை எல்லோருக்கும் உணர்த்தியது.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அக்காலத்துப் போர்க்கப்பல் அணிகள் பெரும்பாலும் 21 நாட் அளவிலேயே ஓடின. விமானத்தை ஏற்றவோ இறக்கவோ தாங்கிக் கப்பல் காற்றை நோக்கித் திரும்ப வேண்டும். காற்றோ அணி செல்லும் திசையில்தான் வீசும் என்ற உத்தரவாதம் இல்லை. அரை மணி நேரம் எதிர்த்திசையில் ஓடிவிட்டு அணியை மீண்டும் எட்டிப்பிடிக்க வேண்டுமானால், அணியைவிடக் கணிசமான கூடுதல் வேகம் கையிருப்பில் இருக்க வேண்டும். 20 நாட் ஆர்கஸுக்கும் 15 நாட் லேங்லிக்கும் அந்தக் கையிருப்பே இல்லை. பிரான்ஸின் பியார்ன் 21.5 நாட் மட்டுமே ஓடியதால், நாற்பது விமானங்களை ஏற்றும் வசதி இருந்தும் வேகமான அணி எதனோடும் செல்ல இயலாமல் போயிற்று. பிரிட்டனின் 24 நாட் ஈகிள் அந்த எல்லைக்கோட்டில் நின்றது. 30 நாட் ஓடிய ஃப்யூரியஸும், அதன் உடன்பிறப்புகளான கரேஜியஸும் குளோரியஸும், 33 நாட் ஓடிய அமெரிக்க இணையும் போன்ற வேகமான கப்பல்களே அணியைப் பிரிந்து தனித்து இயங்கும் சுதந்திரத்தைப் பெற்றிருந்தன. களப்பணியை வேகம் தீர்மானித்த இடம் இதுவே.

லெக்ஸிங்டனின் இயந்திர வலிமை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சான்று: வறட்சியால் டகோமா நகரின் நீர்மின் உற்பத்தி படுத்துவிட்டபோது, 1929 டிசம்பரிலிருந்து 1930 ஜனவரி வரை அந்தக் கப்பலின் மின்னாக்கிகளே நகருக்கு மின்சாரம் வழங்கின. 1,80,000 குதிரைத்திறன் கொண்ட டர்பைன்–மின் இயக்க அமைப்பு அது.

கலங்கரை:

வேகத்தைப் பற்றி நங்கூரம் கூறியதை ஏற்கிறேன். ஆனால் பீரங்கிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பின்னாளைய அறிவை முன்னாளைய மனிதர்கள் மேல் ஏற்றிவிடுகிறார்கள். 1922-இல் வரைபலகையின் முன் அமர்ந்திருந்த ஒரு கப்பல் வடிவமைப்பாளரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்றைய விமானங்கள் துணியும் மரமும் கொண்டவை. இரவில் கப்பலிலிருந்து பறப்பது வழக்கமான பணியாக இன்னும் ஆகவில்லை. மூடுபனி, மழை, கொந்தளிக்கும் கடல் ஆகிய எதிலும் விமானங்கள் தளத்துக்குக் கீழுள்ள கொட்டகையிலேயே கிடக்கும். பசிபிக் பெருங்கடலில் தனியாக ஓடும் 33 நாட் தாங்கிக்கு, மேற்பரப்புப் படைகளில் உண்மையான அச்சுறுத்தல் அதே வேகத்தில் ஓடக்கூடிய குரூசர்களும் நாசகாரிகளுமே (சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்). இரவில் ஒரு குரூசர் பத்து கிலோமீட்டர் தூரத்தில் தோன்றினால் விமானங்கள் என்ன செய்யும்? ரேடார் இல்லாத காலம் அது.

மேலும், 1922 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான, கடற்படைகளின் அளவைக் கட்டுப்படுத்திய வாஷிங்டன் ஒப்பந்தமே இத்தகைய பீரங்கிகளுக்கு இடம் கொடுத்தது. விமானந்தாங்கிகளில் 8 அங்குலத்துக்கு மேற்பட்ட பீரங்கி கூடாது என்றும், 6 அங்குலத்துக்கு மேற்பட்டவை இருந்தால் பெரிய பீரங்கிகளின் எண்ணிக்கை பத்தைத் தாண்டக் கூடாது என்றும் அது வரையறுத்தது. 27,000 டன் என்பது பொது உச்சவரம்பு. பழைய போர்க்கப்பல் உடல்களை மாற்றியமைக்கும் வகையில் இரண்டு கப்பல்கள் மட்டும் 33,000 டன் வரை செல்லலாம், ஆனால் அவற்றில் எட்டுப் பீரங்கிகளே இருக்கலாம். ஜப்பான் ஆகாகியிலும் காகாவிலும் பத்துப் பத்து 20 செ.மீ. பீரங்கிகளை ஏற்றியதும், அமெரிக்கா எட்டோடு நிறுத்தியதும் இந்த வரம்புகளோடு அப்படியே பொருந்துகின்றன. ஒப்பந்தம் எந்த அளவுக்கு அனுமதிக்கிறதோ அந்த அளவையும் எடுத்துக்கொள்ளாமல் விடுவது அன்றைய கடற்படைகளின் இயல்பல்ல.

அலைவாய்:

கலங்கரை அவர்களின் வாதம் வலுவானது. 1922-இன் அச்சம் நியாயமானதே என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு அந்தப் பீரங்கிகள் மருந்தாக இருந்தனவா என்பதே என் கேள்வி.

லெக்ஸிங்டனின் நான்கு இரட்டைப் பீரங்கிக் கோபுரங்களும் வலப்பக்கத்தில், மேற்கட்டுமானத்துக்கு முன்னும் பின்னுமாக நின்றன. இடப்பக்கம் நோக்கிச் சுட வேண்டுமானால் குண்டுகள் தளத்துக்குக் குறுக்கே செல்ல வேண்டும். அந்த வெடிப்பின் அதிர்வு தளத்தையும், அதன் மேல் நிற்கும் விமானங்களையும் சிதைத்துவிடும். அதாவது, தன்னைக் காத்துக்கொள்ளச் சுடும்போதே கப்பல் தன் முதன்மை ஆயுதத்தை இழக்க நேரும். ஆகாகியின் முதல் வடிவத்தில் மூன்று தளங்கள் அடுக்கடுக்காக இருந்தன. நடுத்தளத்தின் இருபுறமும் இரட்டைக் கோபுரங்கள் நின்றதால் அந்தத் தளம் விமானம் ஏறுவதற்கு நடைமுறையில் பயன்படவே இல்லை. மற்ற ஆறு பீரங்கிகளும் கப்பலின் பின்பகுதியில் நீர்மட்டத்துக்கு அருகிலேயே பொருத்தப்பட்டிருந்தன. வேகமாக ஓடும்போது அலை வந்து மோதும் இடம் அது.

லேங்லிக்குத் திரும்புகிறேன். 1925-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோசப் ரீவ்ஸ் பொறுப்பேற்றபோது அந்தக் கப்பலின் விமானங்கள் ஒரு டஜனைச் சுற்றியே இயங்கின. அவர் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்குள் இறக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, இறங்கிய விமானத்தைத் தளத்தின் முன்பகுதிக்குத் தள்ளி நிறுத்தி, நடுவே ஒரு தடுப்பை எழுப்பி, அடுத்த விமானத்தை உடனே இறங்கச் செய்தார். தளத்தில் வேலை செய்வோருக்கு வேலைக்கேற்ற நிறங்களில் சட்டைகள் தரப்பட்டன. இறங்கும் இடைவெளி குறைந்தது. கப்பலின் விமான எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. கப்பலின் வேகம் 15 நாட்டாகவே இருந்தது, பீரங்கிகள் நான்காகவே இருந்தன. தாக்கும் வலிமை மட்டும் பன்மடங்கு கூடியது. விமானந்தாங்கியின் ஆயுதம் எது என்பதை ரீவ்ஸ் இவ்வாறு செயலில் காட்டினார்.

பிரிட்டனில் இது நடக்காமல் போனதற்குக் கப்பல்கள் காரணமல்ல. 1918-இல் அரச விமானப்படை உருவானபோது கடற்படையின் விமானங்களும் விமானிகளும் அதன் கைக்குப் போய்விட்டன. அவற்றைத் திருப்பித் தரும் முடிவு 1937-இல்தான் எடுக்கப்பட்டது, முழுப் பொறுப்பு 1939-இல்தான் வந்து சேர்ந்தது. ஆர்கஸ், ஈகிள், ஹெர்மிஸ், ஃப்யூரியஸ் என உலகில் முதல் பெரிய தாங்கி அணியை வைத்திருந்த நாடு, அவற்றில் எத்தனை விமானம் நிற்கலாம் என்ற கேள்வியில் மிக மெதுவாகவே நகர்ந்தது. எனக்கு இது அந்த இருபது ஆண்டுகளின் மிகப் பெரிய இழப்பாகவே படுகிறது.

நங்கூரம்:

1929 ஜனவரியில் நடந்த அமெரிக்காவின் ஒன்பதாவது கடற்படைப் போர்ப் பயிற்சியை இங்கே சேர்க்க வேண்டும். பனாமா கால்வாயைத் தாக்கும் பக்கத்தில் இருந்த சரடோகாவை, ரீவ்ஸின் யோசனைப்படி, போர்க்கப்பல் அணியிலிருந்து பிரித்து, ஒமாஹா என்ற ஒரே ஒரு குரூசரின் துணையோடு தெற்கே சுற்றிவர அனுப்பினார்கள். ஜனவரி 26 அதிகாலையில், கால்வாயிலிருந்து சுமார் 140 மைல் தூரத்தில் ஏறக்குறைய 70 விமானங்கள் கிளம்பி, மிராஃப்ளோரஸ், பெத்ரோ மிகுவேல் ஆகிய மதகுகளின் மேல் எதிர்ப்பின்றித் தோன்றின. லேங்லியில் கற்ற தளப் பழக்கமும் 33 நாட் வேகமும் முதல் தடவையாக ஒன்றாகச் சேர்ந்தது அந்தக் காலையில்தான். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அது நடந்திராது.

கலங்கரை:

அதே பயிற்சியின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்து மேற்பரப்புக் கப்பல்கள் சரடோகாவை நெருங்கிவிட்டதால், நடுவர்கள் அந்தக் கப்பலும் மூழ்கியதாகவே கணக்கிட்டார்கள். தனியாகச் செல்லும் தாங்கியைக் குரூசர் வந்து பிடிக்கும் என்ற என் அச்சம் கற்பனையல்ல.

போரில் நடந்த சான்றும் உண்டு. 1940 ஜூன் 8 அன்று நார்வேக்கு அப்பால் குளோரியஸ், ஜெர்மனியின் ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைஸெனாவ் ஆகிய இரு போர்க்கப்பல்களிடம் சிக்கி மூழ்கியது. துணைக்கு வந்த ஆர்டென்ட், அகாஸ்டா என்ற இரு நாசகாரிகளும் மூழ்கின. மூன்று கப்பல்களிலும் சேர்ந்து 1,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளோரியஸில் பதினாறு 4.7 அங்குலப் பீரங்கிகள் இருந்தும், எதிரி சுட்ட தூரத்தை அவை எட்டவே இல்லை.

நங்கூரம்:

குளோரியஸின் அழிவை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன்; இது எனக்கு மிகவும் வேதனை தரும் நிகழ்வு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அழிவுக்கு முந்தைய இரவு என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நார்வேயிலிருந்து பின்வாங்கிய அரச விமானப்படையின் பத்து ஹரிக்கேன் விமானங்கள் குளோரியஸின் தளத்தில் இறங்கின. அவற்றுக்குத் தளக் கம்பியைப் பற்றும் கொக்கி கிடையாது; அந்த விமானிகள் அதற்கு முன் கப்பலில் இறங்கியதும் கிடையாது. வால் தூக்கிக்கொள்ளாமல் இருக்க மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கப்பல் முழு வேகத்தில் ஓடிக் காற்றைக் கொடுத்ததால் அத்தனையும் சேதமின்றி இறங்கின. 30 நாட் வேகம் என்பது எத்தகைய வரம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

மறுநாள் அதே கப்பல் 17 நாட் வேகத்தில், பதினெட்டுக் கொதிகலன்களில் பன்னிரண்டை மட்டும் இணைத்துக்கொண்டு சென்றது. வானில் காவல் விமானம் ஒன்றுகூட இல்லை. தளத்தில் புறப்படத் தயாராக நிறுத்தப்பட்ட விமானமும் இல்லை. கொடிமரத்தின் உச்சியில் பார்வையாளரும் இல்லை. நார்வேக் கடலின் கோடைப் பகலில், நெடுந்தொலைவு தெளிவாகத் தெரிந்த பிற்பகல் அது. ஒரே ஒரு ஸ்வோர்டுஃபிஷ் விமானம் மேலே சுற்றியிருந்தால் ஜெர்மானியக் கப்பல்களை நெடுநேரம் முன்பே கண்டிருக்கும். கொதிகலன்கள் எல்லாம் இணைந்திருக்கும். எதிரியின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான வேகத்தில் விலகிச் செல்லவாவது முயன்றிருக்கலாம். 4.7 அங்குலத்துக்குப் பதில் 8 அங்குலப் பீரங்கிகள் இருந்திருந்தாலும், 11 அங்குலப் பீரங்கிகள் பதினெட்டைச் சுமந்த இரு கவசக் கப்பல்களுக்கு எதிரே அவை என்ன செய்திருக்கும்? வேகத்தையும் விமானத்தையும் பயன்படுத்தாமல் விட்ட களப்பணி முறையே அந்தக் கப்பலைக் கொன்றது.

மட்டுநகரான்:

இந்த இழையில் ஹெர்மிஸ் பற்றி ஒருவரி மட்டுமே வந்திருப்பதால் எழுதுகிறேன். எங்கள் மட்டக்களப்புக் கடலில் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் அது கிடக்கிறது.

விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு அடித்தளம் இடப்பட்ட முதல் கப்பல் ஹெர்மிஸ் (1918 ஜனவரி); ஆனால் பிரிட்டன் வடிவத்தைப் பலமுறை மாற்றியதால் ஹோஷோ முந்திக்கொண்டு பணிக்கு வந்துவிட்டது. 10,850 டன், 25 நாட், ஏறத்தாழ இருபது விமானங்கள் என்ற அளவில் இருந்த அந்தக் கப்பல், அமைதிக் காலத்தின் பெரும்பகுதியைச் சீனக் கடலில் கழித்தது. பயஸ் விரிகுடாவின் கடற்கொள்ளையரைத் தேடியது; 1931-இல் யாங்சி ஆற்றின் பெருவெள்ளத்தின்போது நிவாரணப் பணிக்கும் சென்றது. 1940 ஜூலை 8 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் டாகர் துறைமுகத்தில் அதன் ஸ்வோர்டுஃபிஷ் விமானங்கள் வீசியவற்றில் இலக்கை அடைந்த ஒரே ஒரு டார்பிடோ, ரிஷல்யூ என்ற புத்தம்புதிய பிரெஞ்சுப் போர்க்கப்பலைச் செயலிழக்கச் செய்தது. ஆறு 5.5 அங்குலப் பீரங்கிகள் தம் வாழ்நாள் முழுவதும் செய்யாத வேலையை ஆறு இரட்டை இறக்கை விமானங்கள் ஒரே காலையில் செய்தன.

1942 ஏப்ரல் 8 மாலை, ஜப்பானியத் தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை கிடைத்ததும் ஹெர்மிஸ் திருகோணமலையிலிருந்து தெற்கே புறப்பட்டது. அதன் விமானங்கள் கரையிலேயே விடப்பட்டிருந்தன. மறுநாள் காலை திருகோணமலை தாக்கப்பட்ட பின் திரும்பி வரும் வழியில், எதிரியின் வேவு விமானம் அதைக் கண்டது. ஐந்து ஜப்பானியத் தாங்கிகளிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீச வந்தன. ஹெர்மிஸிடம் இருந்தவை மூன்று 4 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் சில சிறிய துப்பாக்கிகளுமே. சுமார் இருபது நிமிடத்தில் அதன் ஆயுள் முடிந்தது. 307 பேர் மாண்டனர். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வேம்பயரும் மூழ்கியது. நீரில் கிடந்த சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது.

அந்த ஐந்து தாங்கிகளில் ஆகாகியும் ஒன்று. 1920-களில் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடப்பட்ட இரு கப்பல்களில் ஒன்றின் விமானங்கள் மற்றொன்றை மூழ்கடித்தன. ஆகாகியில் அன்றும் ஆறு 20 செ.மீ. பீரங்கிகள் இருந்தன, எதிரிக் கப்பல் எதுவும் அவற்றின் எல்லைக்குள் வரவில்லை.

புதுத்துறை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறு ஐயம். ஆர்கஸின் தளத்தில் மேற்கட்டுமானமே இல்லை; ஹோஷோவில் முதலில் இருந்த சிறு மேற்கட்டுமானமும் 1924-இல் அகற்றப்பட்டது. ஹெர்மிஸிலும் ஈகிளிலும் லெக்ஸிங்டனிலும் மட்டும் ஏன் வலப்பக்க மேற்கட்டுமானம் நின்றது? இதற்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டா?

நங்கூரம்:

உண்டு, ஐயா. வேகம் கூடக் கொதிகலன்கள் கூடும். கொதிகலன்கள் கூடப் புகை கூடும். ஆர்கஸில் புகையைக் குழாய்கள் வழியே கப்பலின் பின்முனைக்குக் கொண்டுபோய் விட்டார்கள்; 20 நாட் கப்பலுக்கு அது ஓரளவு ஒத்துவந்தது. ஃப்யூரியஸை 1920-களில் முழுத்தளக் கப்பலாக மாற்றியபோது அதே முறையைக் கையாண்டதில், கப்பலின் பின்பகுதி தாங்க முடியாத வெப்பத்துக்கு உள்ளானது, கொட்டகையிலும் இடம் குறைந்தது. ஹோஷோ தன் மூன்று புகைபோக்கிகளைப் பறப்பின்போது பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டது. 1,80,000 குதிரைத்திறன் கொண்ட லெக்ஸிங்டனுக்கு இவை எதுவும் போதாது. வலப்பக்கத்தில் மிகப் பெரிய புகைபோக்கியை நிறுத்துவதே ஒரே வழி.

கலங்கரை:

விவாதத்தில் என் நிலையை முழுமையாக வைத்துவிடுகிறேன். 1922-இல் பீரங்கி ஏற்றியவர்களைக் குறை கூற முடியாது என்று இப்போதும் கருதுகிறேன். ஆனால் 1930-களில் பணிக்கு வந்த கப்பல்களைப் பார்த்தால் மூன்று நாடுகளும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருப்பது தெரிகிறது. 1934-இன் அமெரிக்க ரேஞ்சர் 29 நாட் வேகமும் எட்டு 5 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் கொண்டது. 1937-இன் ஜப்பானிய ஸோர்யு 34 நாட் வேகத்தில் பன்னிரண்டு 12.7 செ.மீ. பீரங்கிகளைச் சுமந்தது. 1938-இன் பிரிட்டிஷ் ஆர்க் ராயல் 31 நாட் ஓடியது. அதில் பதினாறு 4.5 அங்குலப் பீரங்கிகள் வானை நோக்கிச் சுடும் வகையில் அமைந்திருந்தன. குரூசர் பீரங்கி எதிலும் இல்லை. குரூசரை எதிர்கொள்ளும் பொறுப்பு துணைக் கப்பல்களுக்குப் போனது.

அலைவாய்:

கலங்கரை அவர்கள் குறிப்பிட்ட அந்த மாற்றம் பழைய கப்பல்களை எட்டப் போர் வரவேண்டியிருந்தது. லெக்ஸிங்டன், சரடோகா இரண்டின் 8 அங்குலப் பீரங்கிக் கோபுரங்களும் 1942-இன் தொடக்க மாதங்களில் அகற்றப்பட்டன. சரடோகாவில் அந்த இடத்தில் 5 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வந்தன. லெக்ஸிங்டன் மே 8 அன்று பவளக்கடலில் மூழ்கியபோது பெரிய பீரங்கி ஒன்றுகூட அதில் இல்லை. இறக்கப்பட்ட கோபுரங்களை அமெரிக்கத் தரைப்படை எடுத்துச் சென்று, ஹவாயின் ஓவாஹூ தீவில் கரையோரக் காவல் பீரங்கிகளாக நிறுவிக்கொண்டது.